கழுவும் முன் படியுங்கள்: பால்டிக் கரையின் ஈமக் கலங்களை அருங்காட்சியகச் சேமிப்பறையில் ஆராயும் முறை

பால்டிக் கடலின் தென்கிழக்குக் கரையில் வாழ்ந்த புருசியர், குரோனியர் போன்ற மக்கள் 5 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை இறந்தோருடன் மண்கலங்களையும் வைத்தார்கள். அவற்றில் பல 19ஆம் நூற்றாண்டிலேயே தோண்டப்பட்டு, ஒட்டப்பட்டு, எண் எழுதப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் இடம் மாறி, இன்று பெர்லின், ஓல்ஷ்டின், கலினின்கிராட், வில்னியுஸ், ரிகா ஆகிய நகரங்களின் சேமிப்பறைகளில் இருக்கின்றன. பெரும்பாலும் கையால் வனைந்த, பழுப்பும் கறுப்புமான, அலங்காரம் குறைந்த பானைகள். பக்கத்துப் பெட்டியில் கிடக்கும் வெண்கல ஊசிதான் எவர் கண்ணையும் முதலில் இழுக்கும்.

ஆனாலும் இந்தக் கலங்கள் சொல்லக்கூடியது ஏராளம். அதில் பாதி, உட்புறக் கறையிலும் உடைந்த விளிம்பிலும் பழைய பசையிலும் அடியில் எழுதிய மங்கிய மையிலும் இருக்கிறது. ஈரத்துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் நான்குமே கெடும். எனவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். தமிழில் ‘தாழி’ என்றதும் ஆதிச்சநல்லூரின் பெரிய முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும். (1876-இல் ஃபெடோர் ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவையும் பெர்லினுக்குத்தான் போயின.) பால்டிக் தாழி அப்படிப்பட்டதன்று. சிதையில் எரிந்து நொறுங்கிய எலும்பை அள்ளி வைத்த, இரண்டு கையால் தூக்கக்கூடிய பானை அது. அதனுடன் சிறிய துணைக்கலம் ஒன்றும் இருக்கலாம்.

படி 1: பெயரையும் எண்ணையும் பிடியுங்கள்

கலத்தை எடுக்கும் முன் அதன் காகிதங்களை எடுங்கள். அன்றைய ஜெர்மனியைச் சேர்ந்த கிழக்குப் பிரஷ்யாவின் பொருள்களில் பெரும்பகுதி கோனிக்ஸ்பெர்க்கின் (இன்றைய கலினின்கிராட்) ப்ருசியா அருங்காட்சியகத்தில் இருந்தது. 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சில் அந்த நகரக் கோட்டை எரிந்தது. சேகரிப்பின் ஒரு பகுதி மேற்கே அனுப்பப்பட்டு, போருக்குப் பின் கிழக்கு பெர்லினின் நிலவறையில் நெடுங்காலம் கிடந்தது. இப்போது அது பெர்லின் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி 1999-இல் கலினின்கிராடின் மூன்றாம் எண் கோட்டையரணில், பெரும்பாலும் சீட்டில்லாமல், கிடைத்தது. மற்றொரு பங்கு ஓல்ஷ்டினில். ஆகவே ஒரே கல்லறையின் பானை ஒரு நாட்டிலும், அதனுடன் கிடந்த கொளுக்கி இன்னொரு நாட்டிலும் இருப்பது இங்கே வழக்கம்.

அடியிலோ உட்பக்க விளிம்பிலோ மையில் எழுதியதைத் தேடுங்கள். ஊர்ப்பெயர், ‘கிராப்’ (கல்லறை) என்ற ஜெர்மன் சொல் அல்லது அதன் சுருக்கம், கல்லறை எண், பதிவேட்டு எண் என்ற நான்கில் ஒன்றாவது இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் தேய்க்காதீர்கள். சாய்வான வெளிச்சத்திலும் அகச்சிவப்பிலும் படமெடுத்தால் கரியால் ஆன மை தெளிவாக வரும். இரும்பு மை அகச்சிவப்பில் மறைந்துவிடும். அதற்குப் புறஊதா வெளிச்சம் உதவும்.

ஊர்ப்பெயரில்தான் அதிகப் பிழை நேர்கிறது. டோல்கைம் இன்று கோவ்ரோவோ, விஸ்கியவுட்டன் இன்று மோகோவோயே, டவுமன் இன்று துமியானி, கெல்லாரன் இன்று கியெலாரி. இது போதாதென்று 1938-இல் நாஜி அரசு, ஜெர்மன் ஒலியில்லாத பல ஊர்ப்பெயர்களை மாற்றியது. போருக்குப் பின் சோவியத், போலந்து அரசுகள் மீண்டும் மாற்றின. ஓர் ஊருக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் ஆண்டுடன் அட்டையில் எழுதுங்கள். சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் அப்படியே படியெடுத்து, இன்றைய பெயரைத் தனி வரியில் சேருங்கள். ‘திருத்தி’ எழுதிய சீட்டினால் இரண்டு ஈமக்காடுகள் ஒன்றாகக் கலந்துபோகும். பிறகு பிரிக்கவே முடியாது.

‘பால்டிக்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். புருசியரும் குரோனியரும் லாட்கேலியரும் பால்டிய மொழியினர். லாட்வியாவின் டவ்காவா ஆற்றங்கரையின் சலஸ்பில்ஸ் லவுக்ஸ்கோலா ஈமக்காட்டில் 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை புதைத்த லிவ் மக்கள் ஃபின்னிய மொழியினர். விஸ்கியவுட்டன் மேடுகளில் ஸ்காண்டிநேவியரும் கிடக்கிறார்கள். அட்டையில் நிலப்பகுதியை எழுதுங்கள். மக்கள் பெயரை ஆய்வு முடிந்தபின் எழுதலாம்.

படி 2: தொடாமல் பாருங்கள்

நைட்ரைல் கையுறை அணியுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும். அதன் நூல் சொரசொரப்பான ஓட்டில் மாட்டும். வாய் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியிலும் மறு கை வயிற்றிலுமாக எடுத்து, நுரை வளையத்தின் மேல் வையுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு படம், மேலிருந்து ஒன்று, அடியில் ஒன்று, அளவுகோலுடன்.

பிறகு அறையை இருட்டாக்கி 365 நானோமீட்டர் புறஊதா விளக்கைப் பிடியுங்கள். பழைய ஒட்டுகள் தாமாகவே தெரியும். அவலரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். வச்சிரப்பசை (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய பசை) பால்போன்ற நீலவெண்மையில் ஒளிரும். பூச்சடித்து மறைத்த பிளாஸ்டர் சுற்றியுள்ள ஓட்டைவிட வேறு தொனியில் நிற்கும். செல்லுலோஸ் நைட்ரேட் பசையின் ஒளிர்வு பழமைக்கேற்ப மாறுவதால் கண்ணை மட்டும் நம்பாமல், மறைவான இடத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒரு புள்ளி தொட்டுப் பாருங்கள். இளகினால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய முதன்மைக் கேள்வி: வாயிலிருந்து அடிவரை அசல் ஓடு இடைவெளியின்றி வருகிறதா? ஒரே ஒரு பக்கத்திலாவது வந்தால் கலத்தின் உயரம் உண்மை. இடையில் பிளாஸ்டர் வளையம் முழுச்சுற்றாக ஓடினால் அந்த உயரம் ஒட்டியவரின் ஊகம். அழகாக நிமிர்ந்து நிற்கும் பல பானைகள் இப்படிப்பட்டவை. அவற்றின் உயரத்தை அட்டவணையில் ‘ஊகம்’ என்று குறிக்காமல் சேர்த்தால், வகைப்பாடு முழுதும் சாயும்.

படி 3: உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள்

உள்ளே மண்ணோ எலும்போ இருக்கும் தாழியைக் கவிழ்க்காதீர்கள். வசதியிருந்தால் முதலில் சி.டி. ஸ்கேன், இல்லாவிட்டால் எக்ஸ்ரே. உலோகம் எங்கே கிடக்கிறது, மண்டையோட்டுத் துண்டுகள் மேலேயா கீழேயா என்பது தோண்டாமலே தெரியும். பின் வாயை நான்கு காற்பகுதியாகப் பிரித்து, 2 செ.மீ. படுகையாக எடுங்கள். ஒவ்வொரு படுகைக்கும் தனிப் பை. மண்ணை எறியாமல் நீரில் மிதக்கவிட்டுச் சலித்தால் கரிந்த விதையும் மரக்கரியும் மேலே வரும்.

எலும்பை 10, 5, 2 மி.மீ. சல்லடைகளில் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் எடைபோடுங்கள். இன்றைய எரிமேடையில் வயதுவந்த ஒருவரிடமிருந்து சுமார் 1,000 முதல் 2,400 கிராம் வரை எலும்பு கிடைக்கிறது. தாழியில் 300 கிராம்தான் இருக்கிறதென்றால், சிதையிலிருந்து கொஞ்சமே அள்ளினார்கள் என்று உடனே எழுதிவிடக் கூடாது. பழைய அகழ்வாளர் பெரிய துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டிருக்கலாம். 2 மி.மீ. பங்கு ஏறக்குறைய இல்லையென்றால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

நிறத்தையும் குறியுங்கள். பழுப்பு எலும்பு தீயை அதிகம் காணவில்லை. கறுப்பு, 300 டிகிரி செல்சியஸ் அளவில் கரிந்தது. சாம்பல்நீலம் அதற்கும் மேல். வெண்மை, 600 டிகிரிக்கு மேல் முழுதும் வெந்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்குக் கப்பலில் வந்த வுல்ஃப்ஸ்டான், எரியாத எலும்பு ஒன்று கிடைத்தாலும் அதற்குப் பெரும் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது இம்மக்களின் வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு தாழியில் பழுப்புத் துண்டு வந்தால் நின்று பார்க்கத் தகும். பின்னால் விழுந்த விலங்கெலும்பா, வேறு கல்லறையின் கலப்பா என்று சோதியுங்கள்.

இவை மனித உடலின் மிச்சம். காட்சிக்காகப் பரப்பவோ, இரண்டு கல்லறையின் எலும்பை ஒரே பெட்டியில் போடவோ வேண்டாம்.

படி 4: மாதிரி எடுப்பதானால் இப்போதே

இறுகவைக்கும் ரசாயனம் ஏறிய பிறகு மாதிரிக்கு மதிப்பில்லை. ஓட்டுக்குள் ஊறிய கொழுப்பை ஆராய 1 முதல் 2 கிராம் ஓட்டுத்தூள் போதும். கொதித்த கலத்தில் கொழுப்பு மேற்பகுதியில் சேரும் என்பதால் அடியைவிட வாயோரத்து ஓடு நல்லது. மேற்பரப்பை 1 மி.மீ. சுரண்டி விலக்கிவிட்டு உள்மண்ணைத் துளையிடுங்கள். பிளாஸ்டிக் பையில் நேரே போட்டால் அதன் இளக்கிகள் மாதிரியில் ஏறும். அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. அதே வுல்ஃப்ஸ்டான், இந்த நாட்டில் மன்னரும் செல்வரும் குதிரைப்பால் குடிப்பர், ஏழையரும் அடிமைகளும் தேன்மது குடிப்பர் என்கிறார். ஈமக் கலத்தில் தேன்மெழுகின் தடயம் கிடைத்தால் மனம் உடனே தேன்மதுவுக்குத் தாவும். ஆனால் பழைய காப்பாளர்கள் பானைக்கு மெழுகு பூசியதும் உண்டு. பூச்சு இருக்கும் வெளிப்புறத்திலிருந்து ஒப்பீட்டு மாதிரி ஒன்று எடுத்து, உள்ளே மட்டும் மெழுகு இருந்தால்தான் பேசலாம்.

காலக்கணிப்புக்கு வெள்ளையாக வெந்த எலும்பில் 1 முதல் 2 கிராம். அதன் கனிமத்தில் உள்ள கார்பனில் ஒரு பங்கு சிதையின் விறகிலிருந்து ஏறியது. முதிர்ந்த மரத்தை எரித்திருந்தால் தேதி சற்றுப் பழையதாகக் காட்டும். பானையின் உட்புறக் கரிப்படிவத்தைத் தேதியிடுவது இன்னும் ஆபத்து. ஏரி மீன் சமைத்த பானையாக இருந்தால், நீரில் கரைந்த பழைய கார்பனால் விடை நூற்றாண்டுக் கணக்கில் பின்னே போகும். மசூரிய ஏரிநாட்டின் (இன்றைய வடகிழக்குப் போலந்து) கலங்களில் இதை மறக்கவே கூடாது.

படி 5: மண்ணைப் படியுங்கள்

பத்து மடங்கு உருப்பெருக்கியும் சாய்வான விளக்கும் போதும். தூசி படியாத உடைவிளிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் மண்ணோடு கலந்த கல். இப்பகுதியில் அதிகம் காண்பது நொறுக்கிய கருங்கல். அதன் துணுக்குகள் கூர்முனையுடன் இருக்கும், நடுவே அப்பிரகம் மின்னும். ஆற்றுமணலானால் உருண்டிருக்கும். பனிப்பாறை விட்டுச்சென்ற கருங்கல் உருளைகள் இந்நிலமெங்கும் கிடக்கின்றன. நெருப்பில் சுட்டால் அவை கையால் நொறுக்கும் அளவுக்குத் தளரும். காரணம், 573 டிகிரியில் அதிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரிகிறது. அடுப்புக்கல்லாக இருந்து வெடித்த கல்லே குயவருக்குப் பயன்பட்டிருக்கும். துணுக்கின் அளவை மூன்றாகக் குறியுங்கள்: 1 மி.மீ.க்குள், 1 முதல் 3, அதற்கு மேல். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை என்று மூன்று இடத்தில் எண்ணுங்கள். ‘கரடு’, ‘மென்மை’ என்று மட்டும் எழுதிய அட்டை அடுத்தவருக்கு உதவாது.

அடுத்து வனைந்த விதம். மண்திரி சுற்றிக் கட்டிய பானை, திரிகள் சேர்ந்த இடத்தில் சாய்வாக உடையும். உட்புறத்தில் விரலழுத்தம் வரிசையாகத் தெரியும். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் மெல்லச் சுழலும் சக்கரத்தில் சீர்செய்த கலங்கள் பரவுகின்றன: வாயோரத்தில் இணைகோடுகள், தோளில் சீப்பால் இழுத்த அலைக்கோடு, சிலவற்றின் அடியில் புடைப்பு முத்திரை. உடல் கையால் கட்டியது, வாய் மட்டும் சக்கரத்தில் திருத்தியது என்ற இடைநிலைக் கலம் ஏராளம். அதை இரண்டில் ஒன்றில் திணிக்காமல் அப்படியே விவரியுங்கள்.

உடைவிளிம்பின் நிறம் சூளையைச் சொல்லும். வெளியே செம்பழுப்பு, நடுவே கறுப்பு என்றால் குறுகிய நேரத் திறந்தவெளிச் சூடு.

இனி இரண்டாம் தீ. பக்கத்துப் பக்கத்தில் பொருந்தும் இரண்டு ஓடுகளில் ஒன்று சிவந்தும் மற்றது கறுத்தும் இருந்தால், பானை உடைந்த பின்பே அவற்றில் ஒன்று தீக்குள் விழுந்திருக்கிறது. அதாவது சிதையில் அல்லது சிதையோரத்தில் உடைந்த கலம். கரி ஒட்டுக்கோட்டின் மேலேயும் பிளாஸ்டரின் மேலேயும் ஓடினால், அந்தத் தீ ஒட்டிய பிறகு வந்தது. அது ஈமத்தீ அன்று, அருங்காட்சியகம் கண்ட தீ. பச்சைக் கறை வெண்கலம் அருகில் கிடந்ததற்குச் சான்று என்பதால் அதைச் சுத்தம் செய்ய வேண்டாம்.

ஓல்ஷ்டின் குழு என்று பெயர்பெற்ற, 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான மசூரியக் கல்லறைகளில் சாளரத் தாழிகள் உண்டு; வயிற்றில் வேண்டுமென்றே ஒரு துளை விட்டிருப்பார்கள். பழைய ஒட்டுவேலையில் இதைச் சேதம் என்று எண்ணிப் பிளாஸ்டரால் அடைத்துவிட வாய்ப்பு உண்டு. துளையோரம் வழவழப்பாக, மேற்பரப்பின் நிறத்திலேயே இருந்தால் சுடும் முன் வெட்டியது. அராவிய கோடுகள் தெரிந்தால் சுட்டபின் வெட்டியது. கூர்மையான, உள்நிறம் தெரியும் ஓரம்தான் உடைப்பு. மேற்கு லிதுவேனியக் கடலோரத்தின் உள்ளங்கையளவுச் சிறுகலங்களையும் இதே பொறுமையுடன் பாருங்கள். சிறியது என்பதால் குழந்தையின் கல்லறை என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 6: அளந்து வரையுங்கள்

உயரம், வாய், கழுத்து, வயிறு, அடி ஆகியவற்றின் விட்டம், மூன்று இடத்தில் சுவர்த்தடிமன். கையால் வனைந்த வாய் வட்டமாக இருக்காது. நான்கு திசையில் அளந்து சிறியதையும் பெரியதையும் எழுதுங்கள். வாய்விளிம்பின் ஓடு மட்டும் இருந்தால், பல அளவு வட்டங்கள் வரைந்த தாளில் வைத்துப் பாருங்கள். சுற்றில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் விட்டத்தைச் சொல்லாமல் விடுவதே நேர்மை.

கொள்ளளவை நீரோ மணலோ ஊற்றி அளக்கவே கூடாது. வரைபடத்திலிருந்து கணக்கிடுங்கள். உட்புறத்தை 2 செ.மீ. துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் நடு ஆரத்தை எடுங்கள். எடுத்துக்காட்டாக 4.5, 6, 7.5, 8, 7, 6 செ.மீ. என்றால், அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 261.5. அதை 2-ஆலும் 3.14-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 1,640 கன செ.மீ., அதாவது 1.6 லிட்டர். சமையற்பானையா, குடிகலமா என்ற பேச்சுக்கு இந்த எண் பெரும் துணை.

படி 7: இப்போது சுத்தமும் பழுதும்

உலர்ந்த மென்தூரிகைதான் முதல் கருவி. பெரும்பாலும் கடைசிக் கருவியும் அதுவே. நீர் தேவையென்று தோன்றினால், மறைவான உடைவிளிம்பில் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு கலங்கினாலோ ஓடு இளகினாலோ நீர் அந்தக் கலத்துக்கு ஆகாது. குறைந்த வெப்பத்தில் வெந்த மண், ஊறினால் மீண்டும் சேறாகும்.

பழைய ஒட்டு உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். தளர்ந்திருந்தால் மட்டும் பிரியுங்கள்: வச்சிரத்துக்கு வெதுவெதுப்பான ஈரப்பஞ்சு (சொட்டுச் சோதனையில் தேறியிருந்தால்), அவலரக்குக்கு எத்தனால், செல்லுலோஸ் நைட்ரேட்டுக்கு அசிட்டோன் ஆவி. பிளாஸ்டரை நனைக்காமல் அறுவைக்கத்தியால் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். நனைந்தால் கால்சியம் சல்பேட் கரைந்து ஓட்டுக்குள் போய், காயும்போது படிகமாகி மேற்பரப்பைப் பிளக்கும். கரித்தூள் போல் உதிரும் ஓட்டுக்கு, 100 மி.லி. அசிட்டோனில் 2 முதல் 5 கிராம் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்துத் தூரிகையால் ஊட்டுங்கள். ஒட்டுவதற்கு அதே பிசினை 50 கிராம் அளவில் கெட்டியாக்குங்கள். அது 40 டிகிரியில் இளகும். சூடான காட்சிவிளக்கின் கீழ் கனத்த தாழியின் ஒட்டு நழுவுவது இதனால்தான். பயன்படுத்திய பொருள், அளவு, தேதி மூன்றும் அட்டையில் வர வேண்டும்.

பெட்டியில் அமிலமற்ற காகிதம், பாலிஎத்திலீன் நுரையில் வெட்டிய குழி, 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். எலும்பு தனிப் பெட்டியில். இரண்டிலும் ஒரே கல்லறை எண்.

படி 8: சீட்டில்லாத கலத்துக்கு ஊர் தேடுதல்

மூன்றாம் கோட்டையரணில் கிடைத்தவை போன்ற பெயரற்ற கலங்களுக்கு, முன்படிகளில் சேர்த்த அளவும் வரைபடமும் இப்போது பயன்படும். போருக்கு முன் கோனிக்ஸ்பெர்க்குக்கு வந்த ஆய்வாளர் சிலர் கலங்களை ஊர்வாரியாக வரைந்து சென்றார்கள். ஃபெலிக்ஸ் யாகோப்சனின் தாள்கள் ரிகாவில், மார்டா ஷ்மீடெஹெல்முடையவை தாலினில், ஹெர்பர்ட் யான்கூனின் குறிப்புகளும் ருடால்ஃப் கிரென்ஸ் திரட்டியவையும் ஷ்லெஸ்விக்கில் இருக்கின்றன. ப்ருசியா அருங்காட்சியகத்தின் சொந்த ஊர்க்கோப்புகளில் தப்பியவை பெர்லினில்.

பழைய வரைபடங்களில் வெட்டுத்தோற்றம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது வரைந்தவருக்கேற்ப மாறும். அளவுவிகிதமும் எல்லாவற்றிலும் இருக்காது. அதனால் விகிதங்களை ஒப்பிடுங்கள்: வாய்க்கும் வயிற்றுக்கும், வயிறு நிற்கும் உயரத்துக்கும் மொத்த உயரத்துக்கும். பிளாஸ்டர் இட்ட பகுதியை ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள். வரைந்தவர் பார்த்தபோது அது வேறு வடிவில் இருந்திருக்கலாம். உடைப்பின் வடிவம், துளை, கோட்டலங்காரத்தின் எண்ணிக்கை, தோளில் உள்ள கறை ஆகியவற்றில் ஒன்று பொருந்தினால் போதாது. தனித்தனியான மூன்று அடையாளங்கள் பொருந்தட்டும். அப்போதும் ஊர்ப்பெயரை அட்டையில் பென்சிலால் எழுதி, எந்தத் தாளை வைத்து, எந்த மூன்று அடையாளத்தால் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். கலத்தின் மேல் மை வேண்டாம்.